அளவம்மன் நகர்ந்த பிறகு

பீரோவின் அடித்தட்டில் ஸ்வெட்டரைத் தேடிக் கையை விட்டேன். அந்துருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. எடுத்த ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் எட்டிப் பார்த்து, "இன்னா அத்த, உடம்பு முடியலையா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உரக்கடை மாடியில் நாம் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்த அந்த அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் உன்னைப் பார்த்ததெல்லாம் கடைசி மாதங்களில்தான், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நீ வந்து போன நாட்களில்.

அந்துருண்டை மேல் உனக்கு அப்படியொரு நம்பிக்கை. அகழாய்வுக் காகிதப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிய அன்றே ஒரு பை நிறைய வாங்கி வந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே கடலை மிட்டாய் பங்கு வைப்பதுபோல் வைத்தாய். எனக்குத் தலைவலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தால், "உனக்குத் தலை வலிச்சா மாத்திரை இருக்குது. ராமபாணப் பூச்சி இதத் தின்னுட்டா எந்த மெடிக்கல்லடி மருந்து வாங்குவ?" என்பாய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன். காற்றில் தாள் பறக்கும். அதற்கும் திட்டு வாங்குவேன்.

எம்.ஏ. முடித்த கையோடு நாம் நத்தமேட்டுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும், அதாவது நினைவு என்று ஒன்று இப்போது உனக்கு இருக்குமானால். செஞ்சிக்கும் பனமலைக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நெல்வயலுக்குள் வயிறு தள்ளினாற்போல ஒரு மண்மேடு. எப்போதோ மனிதர்கள் வாழ்ந்து, விட்டுப் போய், மண் மூடிய ஊர். அங்கே அகழாய்வு நடந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி மகள் நான். செஞ்சியில் மணிலாப் பயிர் என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த சமண வீட்டுப் பெண் நீ. பயிற்சிக்கு என்று போன நம் இருவரையும் ஒரே குழியில் இறக்கி விட்டார்கள். பானை ஓடுகளை எண்ணிப் பையில் கட்டுவதும், மண் நிறம் மாறி அடுத்த அடுக்கு தொடங்குகிற இடத்தில் ஆணி அடித்துச் சீட்டு தொங்கவிடுவதும்தான் நம் வேலை. அந்த மேட்டின் பாதியைத்தான் தோண்டினார்கள். மறு பாதியைப் பின்னால் வருகிறவர்களுக்கு என்று விட்டுவைத்தார்கள்.

அதோடு சரி. அகழாய்வை நடத்திய இயக்குநருக்கு மாற்றல் வந்தது. குறிப்புகளையெல்லாம் அவர் தன்னோடு எடுத்துப் போனார், அறிக்கை எழுதுவதற்கு. எழுதவில்லை. ஓய்வு பெற்றார், அப்போதும் எழுதவில்லை. "அறிக்கை வராத அகழாய்வும் பொண்ணு பாத்துட்டுப் போயி பதிலே சொல்லாத மாப்பிள்ளை வீடும் ஒண்ணுதான்" என்று நீ சொல்வாய். நீ அரசு வேலையில் புகைப்படம் எடுக்கிறவளாக ஊர் ஊராகச் சுற்றினாய். நான் செஞ்சியிலேயே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். இருவரும் ஓய்வு பெற்று, கோட்டையடியில் காலை நடை போக ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் இயக்குநரின் மகனிடமிருந்து உனக்குப் போன் வந்தது. அப்பா போய்விட்டார், வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறோம், பெட்டிகள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவோம் என்றார். மறுநாள் நாம் குட்டியானை வண்டி பேசிக்கொண்டு சென்னைக்குப் போனோம். திரும்பி வரும்போது நீ டிரைவர் பக்கத்தில் உட்கார மறுத்து, பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்து வந்தாய். திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

எதற்கு இத்தனை பாடு என்று நான் கேட்டிருக்கிறேன். நீ சொன்னதை இப்போதும் அட்சரம் பிசகாமல் சொல்வேன். "மேட்ட நாம வெட்டிட்டோம்டி. வெட்டின மண்ணத் திரும்ப அடுக்க முடியாது. இனிமே அந்த ஊரு இருக்கறது இந்தக் காகிதத்துலதான்." உன் ஆசை ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். யாரோ ஒரு பெண், நமக்குத் தெரியாத ஒருத்தி, கையில் போனோடு நத்தமேட்டின் மேல் வந்து நிற்பாள். இந்த இடத்தில் குழி, இத்தனை ஆழத்தில் அடுப்பு, அதோ அந்தப் பக்கம் இன்னும் தோண்டவில்லை என்று போன் அவளுக்குக் காட்டும். அவளைப் பற்றி நீ பேசுவதைக் கேட்டால், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

வெறும் தாளைக்கூட ஸ்கேன் செய்யச் சொன்னாய். டீ சிந்திய கறை, கொசுவை நசுக்கிய அடையாளம், கூலியாள் யாரோ பின்பக்கத்தில் வரைந்து பார்த்த மாட்டுத்தலை, எல்லாம் வேண்டும் உனக்கு. "இது எதுக்குடி?" என்றால், "வேணாம்னு முடிவு பண்ண நாம யாரு?" என்பாய். கோப்புக்குப் பெயர் வைப்பதில் நாம் சண்டை போடாத நாள் இல்லை. ஸ்கேனர் தானாகப் போடும் எண்ணே போதும் என்பேன். குழி, அடுக்கு, தேதி மூன்றும் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பாய். கரண்ட் போகும். நீ அடுத்த கட்டைப் பிரித்துத் தூசி தட்டுவாய். பொழுது சாயும் முன் சாப்பிட்டுவிட வேண்டும் உனக்கு, உங்கள் வீட்டு வழக்கம். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியதும் ஸ்கேனரை மூடிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பாய். எனக்கு அந்த நேரத்தில் பசிக்காது, ஆனாலும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். நாற்பது வருஷம் ஆசிரியையாகவும் அம்மாவாகவும் இருந்துவிட்டு, ஒரு தோழியோடு உட்கார்ந்து புளிசாதம் தின்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

உன் உடம்பில் கட்டிகள் இருப்பதை நீ கண்டுபிடித்ததும் அந்த நாட்களில்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸிலும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் போட்டுக்கொண்டிருப்பாய். "முதல்ல உன்னப் பாருடி" என்றால், "என்னத்தான் டாக்டருங்க பாக்கறாங்களே" என்பாய்.

இனி நத்தமேட்டுக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கே சொல்கிறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்காதே. சொன்னால்தான் எனக்கு ஆறும்.

அகழாய்வில் எல்லா அளவும் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கும். எந்தக் குழி எவ்வளவு தூரத்தில், எந்தப் பானை எத்தனை கீழே என்று நம் ஏடுகளில் இருக்கிற அத்தனை எண்ணும் அந்தப் புள்ளியிலிருந்து எடுத்தவை. நத்தமேட்டில் அதற்கு ஒரு கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். மேட்டின் உச்சியில் முழங்கால் உயரத்துக்கு நட்டுக்கொண்டு நின்ற கல். அதன் தலையில் உளியால் ஒரு கூட்டல் குறி செதுக்கினார்கள். ஆனால் பூஜை போடாமல் கடப்பாரையைத் தொட மாட்டோம் என்று கூலிக்கு வந்த பெண்கள் சொல்லிவிட்டார்கள். மேட்டில் வேறு சாமி இல்லை. இருந்த ஒரே கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ என் காதில், "சாமிக்கு வேல வந்துடுச்சு பாரு" என்றாய்.

நாம் கிளம்பி வந்த பிறகும் அவர்கள் விடவில்லை. அளவுக்கல்லு அளவுக்கல்லு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது அளவம்மன் ஆகிவிட்டது. ஆடியில் கூழ் ஊற்றினார்கள். மாடு காணாமல் போனால் நேர்ந்துகொண்டார்கள். ஓடு போட்ட சின்னக் கொட்டகையும் வந்தது. அந்தப் பக்கம் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போகிறவர்கள் சொல்லி நமக்கு இதெல்லாம் தெரியும். உனக்கு ஒரே சந்தோஷம். "வெறுங்கல்லா இருந்தா எவனாச்சும் ஒடச்சி அஸ்திவாரத்துல போட்டிருப்பான். சாமியானதாலதான் பொழச்சுது" என்றாய். சரியான கணக்காகத்தான் எனக்கும் பட்டது. காகிதம்தான் அவசரம், பூச்சி தின்கிறது. கல் எங்கே போகப் போகிறது? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்து, கடைசியாக ஒரு நாள் சர்வேயரைக் கூட்டிப் போய்க் கல்லின் இடத்தையும் மட்டத்தையும், அதாவது உயரத்தையும், குறித்துக்கொண்டால், ஏட்டில் இருக்கிற அத்தனை குழியும் வரைபடத்தில் தானாக உட்கார்ந்துவிடும்.

அந்த நாள் அமாவாசையாக அமைந்தது. உன் அடுத்த மருந்துக்கு முன்னால் கிடைத்த நல்ல நாள் அது ஒன்றுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் போர்டு போட்டுக் கோயில் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது. நாம் எதிர்ப்பக்கம் ஆட்டோ பேசிக்கொண்டு போனோம். சர்வேயர் முக்காலியையும் கருவியையும் மடியில் குறுக்கே வைத்திருந்தார். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய்.

மேடு இல்லை.

இறங்கிய இடம் சரிதானா என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். மண்ணைச் சுரண்டி, நெற்களம்போல ஒரே மட்டமாக்கி, குட்டையான மனைக்கற்களை வரிசையாக நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். நுழைவில் வளைவு. 'அளவம்மன் நகர்' என்று எழுதியிருந்தது. ரோட்டோரத்தில் புதுக் கோயில், டைல்ஸ் போட்டது, கோபுரத்தில் பெயின்ட் வாசனை போகவில்லை. உள்ளே நம் கல் இருந்தது. வெள்ளிக் கவசம் சாத்தி, சிமென்ட் பீடத்தில் இறுக்கி, நம் இடுப்பளவுக்கு உயர்ந்து நின்றது.

பூசாரி அம்மாள் நம்மோடு ஓடு பொறுக்கியவள்தான். உன்னை அடையாளம் தெரிந்ததும் கட்டிக்கொண்டாள். "இன்னாம்மா இப்பிடி எளச்சிட்ட?" என்று கன்னத்தைத் தடவினாள். மனைக்காரர்கள் மேட்டை வாங்கியதையும், அம்மனுக்கு ரோட்டோரத்தில் இடம் விட்டுக் கோயில் கட்டித் தந்ததையும் பெருமையாகச் சொன்னாள். நீ மெதுவாக, கல் முன்னால் எங்கே இருந்தது என்று காட்ட முடியுமா என்று கேட்டாய்.

"அதோ, அந்த லைட்டு கம்பத்தாண்ட" என்றாள் அவள்.

"இல்ல சித்தி, அதுக்கும் இந்தாண்ட, தொட்டி கட்டறாங்க பாரு, அங்க" என்றார் உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்தவர்.

வெளியே நின்றிருந்த ஒரு பெரியவர் இரண்டும் இல்லை என்று மூன்றாவது ஒரு பக்கம் கையைக் காட்டினார். மூவருக்கும் மூன்று இடம், ஒன்றுக்கொன்று ஒரு வயல் தூரம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏறுவதற்கு மேடு இருந்தால் கால் சொல்லும் உச்சி எது என்று. மட்டமான தரையில் யாரால் சொல்ல முடியும்?

நம் முகத்தைப் பார்த்துப் பூசாரி அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சும்மா பேத்து எடுத்துட்டோம்னு நெனைக்காதீங்க. பாலாலயம் பண்ணி, அம்மா சக்திய கலசத்துல எறக்கி வச்சிட்டுதான் கல்லுல கைய வெச்சோம். இங்க நட்டப்புறம் திரும்ப ஏத்தியாச்சு. ஒரு கொறையும் கெடையாது" என்றாள்.

நீ சிரித்தாய். சத்தியமாகச் சிரித்தாய். "சக்தி வந்துடுச்சிம்மா. மட்டம்தான் வரல" என்றாய். அவளுக்குப் புரியவில்லை. சர்வேயருக்குப் புரிந்தது. கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை அவர். பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, "யாரு மேல கோவப்படறதுன்னு தெரியலடி" என்று மட்டும் சொன்னாய்.

அப்புறமும் நீ விட்டாயா? பழைய வரைபடத்தைப் பிரித்தாய். கல்லிலிருந்து ஒற்றைப் பனைக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு என்று தூரம் போட்டிருந்தது. பனை செங்கல் சூளைக்குப் போய்விட்டது. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் ரோடு போட்டிருந்தார்கள். பிறகு நெகட்டிவ்களைப் பிடித்தாய். பின்னணியில் செஞ்சியின் ராஜகிரி மலை தெரிகிற படம் கிடைத்தால் மலையின் வடிவத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்றாய். ஆனால் இயக்குநருக்குப் படத்தில் குழியைத் தவிர வேறெதுவும் விழக்கூடாது. எல்லாப் படமும் மேலிருந்து கீழே, மண்ணைப் பார்த்துத்தான். மலை தெரிகிற ஒரே படம் கடைசி நாளில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. அதை வைத்துத் திசை தெரிந்தது, தூரம் தெரியவில்லை. அந்தப் படத்தில் நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய். கையெல்லாம் மண். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவ்ளோ முடி பாருடி எனக்கு" என்றாய். அன்றைக்குத்தான் உரக்கடை மாடிக்கு நீ கடைசியாக வந்தாய்.

உன் காரியம் முடிந்த பிறகு கோப்புகளை எல்லாம் அடுக்கி, இப்படிப்பட்ட பழைய ஆவணங்களை இணையத்தில் ஏற்றுகிற ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, மரியாதையான குரல். "மேடம், இவ்ளோ நீட்டா யாருமே அனுப்புனதில்ல" என்று சொன்னாள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது, "மேடம், எடம் மட்டும் காலியா இருக்குது. அட்சரேகை தீர்க்கரேகை இல்லன்னா சிஸ்டம் எடுக்காது" என்றாள். கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவால்ல மேடம், அந்த ஊரு நடுவுல ஏதாச்சும் ஒரு புள்ளிய போட்டுடுங்க. ரேஷன் கடை, ஸ்கூலு, எதுன்னாலும் ஓகே. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள்.

ஒரு வாரம் கணினியில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லரித்த ஒரு சீட்டில் அடுக்கின் எண் போய்விட்டபோது, மூன்றாவதாகத்தான் இருக்கும், போட்டுவிடலாம் என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "தெரியலன்னா தெரியலன்னு போடு. தப்பா போட்டா நம்பிடுவாங்கடி." உன் மகள் மாதிரி பேசுவாயே, அந்தப் பெண், அவள் ரேஷன் கடை வாசலில் போனோடு நின்று, இதுதான் நத்தமேடு என்று நம்பிக்கொண்டிருப்பாள். அதை என்னால் செய்ய முடியவில்லை. அளவம்மன் நகரின் நடுவில் போட்டாலும் நம் குழியெல்லாம் ஒரு வயல் தள்ளித்தான் உட்காரும். 'தெரியாது' என்று அடித்துப் பார்த்தேன். எண் மட்டும்தான் ஏற்கும் என்று சிவப்பில் வந்தது. கடைசியில் இரண்டு கட்டத்திலும் சைபர் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

மறுநாள் அந்த அதிகாரிப் பெண்ணே கூப்பிட்டாள். "மேடம், உங்க சைட்டு ஆப்பிரிக்கா பக்கத்துல, நடுக்கடல்ல காட்டுது. ஏதோ தப்பா போட்டுட்டீங்க போல."

"தெரிஞ்சுதாம்மா போட்டேன். இருக்கட்டும், யாரும் நம்ப மாட்டாங்க" என்றேன். அவள் சரி மேடம் என்று வைத்துவிட்டாள்.

அங்கேதான் இருக்கிறது. நம் குழிகள், அடுக்குகள், மாட்டுத்தலை, டீக்கறை எல்லாம் ஒரு நீலப் பரப்பின் நடுவே ஒற்றைச் சிவப்புப் புள்ளியாக இருக்கிறது. வரைபடத்தில் செஞ்சிப் பக்கம் தேடுகிற எவருக்கும் அது கிடைக்காது. தோண்டாமல் விட்ட பாதியில் இப்போது அஸ்திவாரம் எடுக்கிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, எடுத்துப் போட்ட மண்ணில் கறுப்பு சிவப்பு ஓடுகள் கிடந்தன. எந்தக் குழிக்குப் பக்கத்தில் கிடைத்தவை என்று என்னால் யாரிடமும் காட்ட முடியாது. ஆகையால் எதையும் நிறுத்தச் சொல்லவும் முடியாது. போனோடு வந்து நிற்பாள் என்றாயே, அவள் வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நாம் ஒரு ஊரை முழுசாக எழுதி வைத்திருக்கிறோம், அது இருக்கிற இடம் மட்டும் இல்லை. அந்த ஊரைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், இறக்கி வைக்கத் தோது கிடைக்காமல்.

தினமும் காலையில் ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். யாராவது பார்த்திருக்கிறார்களா என்பதற்கு அல்ல. இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இன்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் பின்னால் வந்து நின்று, "ஏம்மா, இத என்னைக்காச்சும் எவனாச்சும் எடுத்துப் படிப்பானா?" என்று கேட்டான்.

"தெரியாதுடா" என்றேன். எனக்குத் தெரியும், எவனும் படிக்க மாட்டான். முதல் தடவையாக, நீ கற்றுக்கொடுத்த அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொன்னேன்.